கதவுக்கு இந்தப் பக்கம்

சட்டைப் பையில் தாழ்ப்பாள் கனக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத இரும்பு, கூடவே அதன் நாலு திருகாணி, இதற்கு இவ்வளவு கனமா? அசைந்தால் கலகலக்கிறது. அதனால் அசையாமல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறேன், முழங்கை ஆடாமல் விரல் மட்டும் வேலை செய்கிற மாதிரி. கதவுக்கு அந்தப் பக்கம் என் பையன் தரணீஷ் படிக்கிறான். அப்படித்தான் சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவைச் சாத்தினான். சாத்திய பிறகு அவன் கை தாழ்ப்பாளைத் தேடியது எனக்குக் கேட்டது, நகம் மரத்தில் உரசுகிற சத்தம், அப்புறம் ஒரு சின்ன நிதானம், அப்புறம் நாற்காலி இழுக்கிற சத்தம். அவ்வளவுதான். "அப்பா, தாழ்ப்பாள எங்க காணோம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பதிலை எல்லாம் தயாராக வைத்திருந்தேன், துருப்பிடித்துவிட்டது, புதுசு வாங்கப் போகிறேன், கடையில் அளவு கேட்பான் என்று கழற்றினேன் என்று. கேட்டால்தானே சொல்ல? மூன்று வருசமாக அவன் படுக்கிற அறை, ஹாஸ்டலிலிருந்து வந்தால் அவனுக்கென்று இருப்பது அந்த அறை ஒன்றுதான், அதன் தாழ்ப்பாள் காலையில் இருந்து இல்லை, வாலிபப் பையன் ஒருவன் அதைக் கேட்காமல் இருப்பானா? பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்காமல் உட்கார்ந்திருக்கிறவனைத்தான் நான் முதலில் திரும்பிப் பார்ப்பேன்.

உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவே முக்கால் ஆயுசு ஓடிவிட்டது எனக்கு. தனியார் பஸ் கண்டக்டர் என்றால் கூட்டத்துக்குள் நுழைந்து போகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இல்லை. முகம் படிக்கத் தெரிய வேண்டும். டிக்கெட் எடுத்தவன் ஆடிக்கொண்டிருப்பான், அதைச் சட்டைப் பையில் வைப்பான், எடுப்பான், வாட்ச்சுக்கடியில் செருகுவான், கீழே விழுந்துவிட்டதா என்று காலடியில் குனிந்து தேடுவான். டிக்கெட் எடுக்காதவன்தான் ஒழுங்காக உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு, முதுகு நேராக, கையை மடியில் கட்டிக்கொண்டு, நம்மைப் பார்த்தால் ஒரு சிரிப்புகூடச் சிரிப்பான். அந்த ஒழுங்கைப் பார்த்தால் என் கால் தானாக அங்கே போய் நிற்கும். "தம்பி, டிக்கெட்?" என்பேன். அப்போதுதான் அந்த முகம் உடையும். இத்தனை வருசத்தில் அது பொய்த்தது கொஞ்சம்தான். அந்த ஒழுங்கை இப்போது என் வீட்டில் பார்க்கிறேன். பத்து நாளாகவா, அதற்கு மேலா, அவன் ஸ்டடி லீவுக்கு வந்து இறங்கிய நாளில் இருந்து பார்க்கிறேன். என் கால் அந்தக் கதவிடம் போய் நிற்கிறது. என்னவென்று கேட்பது? தம்பி, டிக்கெட்?

என் வீட்டுக்காரி சாந்தாமணியிடம் சொன்னேன். காலையில் மில் வேனுக்குக் கிளம்பும்போது, அவள் கொண்டைக்கு ஹேர்பின் குத்திக்கொண்டிருந்தாள், வாயில் இரண்டு பின்னைக் கடித்தபடியே திரும்பினாள். "ஏனுங்க, உங்களுக்குப் பையன் கெட்டுப்போனாத்தான் நிம்மதியா?" "அதுக்கில்ல சாந்தா, எல்லாமே ரொம்ப ஒழுங்கா இருக்கறான் பாத்தியா?" "இருந்தா என்னங்க? இத்தன வருசம் ஒழுங்கா இரு, ஒழுங்கா இருன்னு தொண்ட கிழியக் கத்துனீங்க. இப்ப இருக்கறான். இருந்தா ஏன்டா இருக்கறேங்கறீங்க. கண்டக்டர் புத்தி. பெத்த புள்ளகிட்டயும் டிக்கெட் கேக்கற புத்தி." அப்புறம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "பக்கத்து வீட்டு அக்காகூடக் கேட்டுதுங்க, உன்ற பையன் எப்படித் திருந்துனான்னு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் இருந்த பூரிப்பு. வேன் ஹாரன் அடித்தது, செருப்பை மாட்டிக்கொண்டே ஓடினாள். திருந்துனான். அந்த வார்த்தையை மட்டும் அவள் சொல்லாமல் போயிருக்கலாம். அதுதான் என் கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தது. அவன் வாய்க்கால் மேட்டுக்கு நடக்கப் போயிருந்தான், வருவதற்குள் கழற்ற வேண்டும், திருகாணி ஒன்று துருவேறி வர மாட்டேன் என்றது, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினேன், திருடன் மாதிரி என் வீட்டுக்குள் நானே.

நடக்கப் போகிறான், ஆமாம். அதிலிருந்துதானே ஆரம்பம். விடிகிறதுக்கு முன்னால் எழுந்திருக்கிறான், யாரும் எழுப்பாமல். எழுந்ததும் போர்வையை மடிக்கிறான், நாலு முனையும் சேர்த்து, கடையில் புதுத் துணி மடிக்கிற மாதிரி. சொம்பு நிறையத் தண்ணீர் குடிக்கிறான், நின்றுகொண்டு இல்லை, உட்கார்ந்து. அப்புறம் நடை. பிறகு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான், இட்லி என்றால் இட்லி, கம்பங்களி என்றால் களி, முகம் சுளிப்பது இல்லை. அப்புறம் போனை அம்மா கையில் கொடுத்து, "மத்தியானம் வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்கம்மா" என்கிறான். அவள் மில்லுக்குப் போய் எனக்கு ஆஃப் இருக்கிற நாளில் என்னிடம் தருகிறான். போனைக் கையை விட்டுப் பிரித்தால் வேர்த்துப் போகிற வயசுப் பையன், அதை அப்பன் கையில் கொடுக்கிறான் என்றால், இன்னொரு போன் வைத்திருக்கிறானா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். ஏதோ பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன், அது என்றால் பரவாயில்லை, நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்கூட. இல்லை என்றால் சீட்டு, அந்தப் போனில் ஆடுகிறார்களே அது. தலையணைக்கடியில் பார்த்தேன், பேக்கில் பார்த்தேன், பேண்ட் பையில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் இன்னும் மோசம். ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நடக்கப் போகிறவன் பின்னால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே போனேன், சத்தம் கேட்டுவிடும் என்று ஸ்டார்ட் பண்ணாமல். அவன் வாய்க்கால் மேட்டில் கையை வீசி நடந்தான், நான் டீக்கடை மறைவில் நின்றேன். தண்ணீர் அப்போது நிறையத் திறந்துவிட்டிருந்தார்கள். அவன் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான். நான் மறைவை விட்டு வெளியே வந்துவிட்டேன். அப்புறம் திரும்பினான், நேரே என்னைப் பார்த்தான். "என்னங்கப்பா இங்க?" "பால் வாங்கலாம்னு." "பாலு வீட்டுக்கே வந்துருதேங்கப்பா." "அது தண்ணியா இருக்குது." அவன் மொபெட்டைப் பார்த்தான், என் வெறும் கையைப் பார்த்தான். பால் வாங்கப் பாத்திரம் எடுத்து வரவில்லை நான். மொபெட்டை வாங்கி அவனே தள்ளிக்கொண்டு வந்தான். வழியில், "நல்ல காத்துங்கப்பா காலைல" என்றான். நல்ல காற்று என்று எந்தப் பையன் அப்பனிடம் சொல்லுவான்?

உள்ளே பக்கம் திரும்புகிறது. பேனா மூடி விழுந்தது, எடுத்தான். முணுமுணுக்கிறான், ஏதோ இங்கிலீஷ், நடுவே தமிழில் "அட, அது இல்லடா" என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். அது நல்ல சத்தம். திட்டுகிறவன் இருக்கிறான். எனக்கு அவன் படிப்பு ஒன்றும் புரியாது, எட்டாவதோடு நான் இறங்கிக்கொண்டவன், ஆனால் சத்தம் புரியும். பஸ் பின்பக்கம் நின்றுகொண்டு டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று டிரைவருக்கு முன்னால் சொல்லுகிற காது இது. அவன் படிப்பில் ஒரு தாளம் வந்திருக்கிறது. மேசையில் சாந்தாமணியின் பழைய டைம்பீஸை வைத்துக்கொள்கிறான், சாவி கொடுக்கிற சத்தம் கர் கர் என்று கேட்கும், அரைமணிக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு தடவை அடிக்கும், அடித்தால் எழுந்துவிடுவான். பாதி வரியில் இருந்தாலும் எழுந்துவிடுவான். ஜன்னலைத் திறப்பான், கையை மேலே தூக்கி நெட்டி முறிப்பான், தண்ணீர் குடிப்பான், மறுபடி சாவி, மறுபடி நாற்காலி. ரெண்டு விசில் கொடுத்தால் கிளம்பு, ஒரு விசில் கொடுத்தால் நில், அந்த மாதிரி. முன்னால் எப்படி இருந்தான்? பரீட்சைக்கு முதல் நாள் வரைக்கும் புஸ்தகம் எங்கே என்றே தெரியாது. கட்டிலுக்கடியில் ஒன்று, அரிசி மூட்டை மேல் ஒன்று, ஜெராக்ஸ் பேப்பர் எல்லாம் என் மொபெட் பெட்டிக்குள். ராத்திரி எல்லாம் முழித்து, டீயும் பன்னும் தவிர வேறு ஒன்றும் வயிற்றுக்குள் போகாமல், கண் கோவைப்பழமாகக் கிளம்புவான், ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் ஹால் டிக்கெட், "அப்பா பேனா, அப்பா பேனா" என்று கத்திக்கொண்டு. நான் கத்துவேன், அவன் கத்துவான், நடுவே சாந்தாமணி தோசைக் கரண்டியோடு கத்துவாள். அரியர் விழும். மறுபடி கத்துவோம். அந்தக் கத்தல் வீட்டை விட்டுப் போய்விட்டது. அது இருந்தபோது அதைச் சகிக்க முடியவில்லை. இன்றைக்கு அவன் ஒரு தடவை வெளியே வந்து பேனா எங்கே என்று கத்தினால், பழனிக்குக் காவடி எடுத்துவிடுவேன்.

டைம்பீஸ் அடிக்கிறது. நாற்காலி நகர்கிறது. ஜன்னல். தண்ணீர் மடக் மடக். மறுபடி கர் கர். சரி. ரைட், போலாம்.

வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது, வெங்காயம்தான். காற்றில் கதவு தானாகக் கொஞ்சம் திறந்திருக்கிறது, தாழ்ப்பாள் இல்லாத கதவு வேறு என்ன செய்யும், ரெண்டு விரல் நுழைகிற அளவுக்கு. அந்தச் சந்தில் நாற்காலி முதுகும் அவன் சட்டை ஓரமும் தெரிகிறது. அவன் கதவைத் திரும்பச் சாத்தவில்லை. சாத்தியிருக்க வேண்டாமா? கதவு திறந்து கிடந்தால் பழைய தரணீஷ் காலாலேயே ஒரு உதை விட்டுச் சாத்துவான். ரங்கசாமி அண்ணனும் இப்படித்தான் சொன்னார், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறான் சென்னியப்பா, என்று. வேண்டாம். அதை நினைக்க வேண்டாம். ரங்கசாமி அண்ணன் எங்கள் பஸ் டிரைவர், என்னைவிட மூத்தவர், ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஊமை, டீக்கடையில் உட்கார்ந்தால் வாய் மூடாது. போன வருசம் மழைக்கு முந்தி ஒரு நாள் டீக்கடையில் வைத்து, "சென்னியப்பா, எம்பையன் திருந்திட்டான்டா" என்றார். லோகேஷ் என்று பெயர், தரணீஷுக்கு ஒரு வயசோ என்னவோ மூப்பு, வேறு ஊரில் வேறு காலேஜ். "வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு சண்ட இல்ல, ஒரு சத்தம் இல்ல. பீரோவ எல்லாம் அவனே அடுக்கிட்டான். யார்கிட்டயோ வாங்குன கிரிக்கெட் பேட்டாமா, அதக்கூடத் தேடிப்போய்க் குடுத்துட்டு வந்துட்டான். வண்டியத் தொடச்சு வச்சிருக்கறான், மூஞ்சி பாக்கலாம் அதுல." நான் என்ன சொன்னேன்? "குடுத்து வச்ச ஆளுங்கண்ணா நீங்க, எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குதே" என்றேன். ரெண்டாவது டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார், சந்தோஷத்தில். அதற்கு மறுநாள் காலையில் அவர் வண்டி எடுக்க வரவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் நான் போவது இல்லை, நினைப்பு அந்த வீட்டு வாசல் வரைக்கும் போகும், வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்க்கும், திரும்பிவிடும். துடைத்து வைத்த அந்த வண்டி நின்றது. மூஞ்சி தெரிந்தது அதில், என் மூஞ்சிதான். ரங்கசாமி அண்ணன் யாரிடமும் அழவில்லை, வந்தவர்களிடம் எல்லாம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "நல்லாத்தானடா இருந்தான்? நல்லாத்தானடா இருந்தான்?" இன்றைக்கும் சிக்னலில் வண்டி நின்றால் முன்னால் பார்த்துக்கொண்டே உதடு அசையும் அவருக்கு. என்ன சொல்கிறார் என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற எனக்குக் கேட்கும்.

என் பையன் வேறு. என் பையன் வேறு என்று அவரும்தான் நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை இவன் அலமாரியைக் கவிழ்த்தான். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம். சாந்தாமணிக்குத் தலைகால் புரியவில்லை, துடைப்பத்தோடு கூடவே நின்றாள். பழைய ஷூவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான். நல்ல ஷூ. காதில் மாட்டுகிற அந்தப் பெரிய ஹெட்செட், அதற்காக என்னிடம் என்ன சண்டை போட்டு வாங்கினான், அதையும் கொடுத்துவிட்டான். "ஏன் கண்ணு அதக் குடுத்துட்ட?" என்று அவள் கேட்டாள். "இனி வேண்டாம்மா" என்றான். இனி வேண்டாம். அந்த ரெண்டு வார்த்தை வீட்டுக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. இனி என்றால் எதிலிருந்து? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம், "உங்களுக்கு முட்டி வலி எப்படிங்கப்பா இருக்குது?" என்று கேட்டான். இருபது வருசத்தில் கேட்காத கேள்வி. கேட்டுவிட வேண்டியதுதானே? நேருக்கு நேர் உட்கார வைத்து, தம்பி, உனக்கு மனசில் என்ன என்று கேட்டுவிட்டால் என்ன? கேட்டு, அவன் மனசில் அப்படி ஒன்று இல்லாமல் இருந்து, நான் போய் அந்த விதையைப் போட்டுவிட்டால்? கேட்காமல் இருந்து, நாளைக்கு நானும் ஊரெல்லாம் போய் நல்லாத்தானே இருந்தான் என்று நின்றால்? கேட்கிறவனுக்கு வாய் வேண்டும். என் வாய் டிக்கெட் டிக்கெட் என்பதற்குத்தான் பழகியிருக்கிறது. தாழ்ப்பாளைக் கழற்றுவது எனக்குத் தெரிந்த வேலை. கழற்றினேன்.

கிழிக்கிறான். பேப்பர் கிழிகிற சத்தம். கை வெங்காயத்தில் நின்றுவிட்டது. மெதுவாக, நேராக, மடித்து வைத்து நகத்தால் தேய்த்துக் கிழிக்கிற சத்தம், கோபத்தில் கிழிப்பது வேறு மாதிரி இருக்கும். மறுபடி ஒன்று. எதைக் கிழிக்கிறான்? எழுதியதையா? எதையாவது எழுதினானா? என்ன எழுதினான்? எழுந்து போய்ப் பார்க்கலாம், எழுந்தால் பை கலகலக்கும். டேப் பிய்க்கிற சத்தம், சுவரில் உள்ளங்கையால் அடித்து ஒட்டுகிறான், தப் தப். ஓ, அந்தத் துண்டுச் சீட்டா? ஃபார்முலாவோ என்னவோ, படுத்தால் கண்ணில் படட்டும் என்று சுவரெல்லாம் ஒட்டுவான், நேற்றும் ஒட்டினான், சுவர் பெயிண்ட் போகும் என்று நான்கூட... சரி. மூச்சு விடு, சென்னியப்பா. ஒட்டுகிறவன் நாளைக்குப் பார்க்கத்தானே ஒட்டுவான்? நாளைக்கு என்று ஒன்று இருக்கிறதால்தானே? இல்லை, இது எல்லாம் நாம் பார்ப்பதற்காகவா? ஜன்னலோரத்தில் தோப்பைப் பார்க்கிறவன் நாம் பார்ப்பதற்காகத்தான் தோப்பைப் பார்க்கிறான். அட, இப்படி யோசித்தால் எதைத்தான் நம்புவது? அவன் சிரித்தால் சந்தேகம், சாப்பிட்டால் சந்தேகம், தூங்கினால் போய் மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்க்கிறேன். பிறந்த குழந்தைக்கு வைத்துப் பார்த்த கை.

சத்தம் இல்லை.

எவ்வளவு நேரமாக இல்லை? நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். பக்கம் திரும்பவில்லை. பேனா இல்லை. டைம்பீஸ் இந்நேரம் அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை, இல்லை அடித்து எனக்குக் கேட்கவில்லையா? எனக்கா கேட்காது? கர் கர் என்று சாவி கொடுத்தது கடைசியாக எப்போது? சந்தில் நாற்காலி முதுகு தெரிகிறது. சட்டை இல்லை. நாற்காலி காலி. ஜன்னலுக்குப் போயிருப்பான். ஜன்னல் திறந்தால் கீல் கிறீச்சிடும், கிறீச்சிடவில்லை. கூப்பிட்டால் என்ன? தரணி. வாய்க்குள்தான் கூப்பிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் எத்தனை தடவை ஒரு குழந்தை படியில் நின்றதைப் பார்த்து விசில் ஊதியிருக்கிறேன், நினைப்பதற்கு முன்னால் ஊதியிருக்கிறேன், இப்போது உதடு குவிய மாட்டேன் என்கிறது. வெங்காய முறம் கவிழ்ந்துவிட்டது. பை கலகலக்கிறது, கலகலக்கட்டும். கதவு தள்ளியதும் திறந்துகொண்டது, எங்கேயும் மாட்டவில்லை, அது எவ்வளவு சுலபமாகத் திறந்துகொண்டது.

தரையில் கிடந்தான். பாய்கூட இல்லாமல், நீட்டி, காலை விரித்து, ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கை நெஞ்சின் மேல், கண் மூடி.

எப்படிக் குனிந்தேன் என்று தெரியாது, முட்டி தரையில் மோதியது மட்டும் தெரியும், மூக்குக்குக் கீழே கையைக் கொண்டுபோனேன், குனிந்ததில் சட்டைப் பை கவிழ்ந்து தாழ்ப்பாளும் திருகாணியும் அவன் நெஞ்சின் மேல் கொட்டியது. அவன் கண்ணைத் திறந்தான். "அப்பா?" நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்கப்பா, கையெல்லாம் வெங்காய நாத்தம்." எழுந்து உட்கார்ந்தான். "மூச்சுப் பயிற்சிங்கப்பா. நாலஞ்சு ரவுண்டு படிச்சா, ஒருக்கா பெருசா ரெஸ்ட் எடுக்கோணும். படுத்து, மெதுவா இழுத்து, மெதுவா விடோணும். அலாரம் வெக்காம." "அலாரம் வெக்காம," என்றேன் நான். அவன் நெஞ்சில் கிடந்ததை எடுத்துப் பார்த்தான். தாழ்ப்பாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினான். கதவில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தான், அப்புறம் என்னை. இப்போது கேட்பான் என்று நினைத்தேன், பதிலைத் தேடினேன், துரு, கடை, அளவு, எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அவன் கேட்கவில்லை. "காலைலிருந்து கலகலன்னு கேட்டுட்டே இருந்துதுங்கப்பா," என்றான். "சில்லறைன்னு நெனைச்சேன். இன்னைக்கு உங்களுக்கு ஆஃபாச்சே, சில்லறை ஏதுன்னும் நெனைச்சேன்." எனக்கும் அவனுக்கும் ஒரே காது என்று அப்போதுதான் தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அவனும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "துரு தம்பி, அதான்..." என்று ஆரம்பித்தேன். "ரங்கசாமி பெரியப்பா பையன நெனைச்சீங்களா?" என்றான். தரையைப் பார்த்துக் கேட்டான். தலையை ஆட்டினேனா இல்லையா தெரியாது. அவன் தாழ்ப்பாளை என் கையில் வைத்து என் விரலை மடக்கினான். "மாட்ட வேண்டாங்கப்பா," என்றான். "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும். ஹாஸ்டல் ரூம்லயும் நாந்தான் கழட்டச் சொன்னேன்."

வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்புறம் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான், என்னைப் பார்க்காமல் சுவரில் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு. அரியர் மேல் அரியர், தூக்கம் இல்லை, யாரிடமும் சொல்ல முடியவில்லை. மழை நாளில் ஒரு நாள் ரூம்மேட்டிடம் சொல்லிவிட்டான். அந்தப் பையன் விடவில்லை, கையைப் பிடித்துக் காலேஜில் மனசு விட்டுப் பேசுவதற்கென்று இருக்கிற கவுன்சலர் மேடத்திடம் கூட்டிப்போனான். இவன் வாராவாரம் போகிறானாம் இப்போதும். "அவங்க எழுதிக் குடுத்ததுதாங்கப்பா இதெல்லாம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், நடை, போனத் தள்ளி வெய்யி, கண்ட நேரத்துலயும் படிக்காத, அளவாப் படி. ஹெட்செட்ட மாட்டிட்டு ரூமுக்குள்ளயே கெடக்காதன்னாங்க. அதான் குடுத்துட்டேன். ஒரு நாள் விட்டாலும் எனக்கு வேற மாதிரி ஆயிருதுங்கப்பா. அதான் புடிச்சுட்டிருக்கறேன்." புடிச்சுட்டிருக்கறேன் என்றபோது அவன் கை நிஜமாகவே முட்டியைப் பிடித்திருந்தது, பஸ் திரும்பும்போது கம்பியைப் பிடிக்கிற மாதிரி, விரல் எல்லாம் வெளுத்து. நின்றுகொண்டு வருகிறவனுக்குத்தான் அந்தப் பிடி தெரியும். இத்தனை நாள் நான் முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. "வீட்ல சொல்லோணும்னு சொன்னாங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் நெதமும் நெனைப்பேன். பால் வாங்க வந்தீங்களே, அன்னைக்குக்கூட." "நான் பால் வாங்க வரல தம்பி." "தெரியுங்கப்பா. பாத்திரம் இல்லியே." சிரித்தான். முகம் உடைந்த சிரிப்பு. நான் அவன் தலையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்துக்கொண்டேன், வெங்காயக் கையோடு. இந்த வயசுப் பையன் திமிறுவான். திமிறவில்லை.

"அந்த மேடத்த நானும் அம்மாவும் வந்து பாக்கலாமா?" என்றேன். "வரச் சொன்னாங்கப்பா." "அம்மாகிட்ட?" "சாயங்காலம் நீங்க கூட இருந்தாச் சொல்றேன்." "இருக்கறேன்." அப்புறம் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டைம்பீஸை எடுத்தான், கர் கர் என்று சாவி கொடுத்தான். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "அங்க உக்காந்து கேக்கறதுக்கு இங்கயே உக்காருங்கப்பா," என்றான், புஸ்தகத்தைத் திறந்துகொண்டே. "வெங்காயத்த மட்டும் ஜன்னலோரமா வெச்சு உரிங்க. கண்ணு எரியுது."

கொட்டிய வெங்காயத்தை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்தேன். தரையில் உருண்டிருந்த திருகாணிகளையும் பொறுக்கினேன், மேசைக்கடியில் ஒன்று, கட்டில் காலிடம் ஒன்று, அவன் செருப்புக்குள் ஒன்று. ஒன்று குறைந்தது. அவன் பக்கம் திருப்பினான். நான் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். அதைத் தேடவில்லை.